‘உமது ஆட்சி வருக’ என்று சொல்லத் தொடங்குகிறவர்களுக்கு

பாம்பன் பக்கம் ஒரு கோயிலில் ஞாயிறு மறைக்கல்வி வகுப்பு எடுக்கத் தொடங்கிய வருடம். “கடவுளுடைய அரசு எங்கே இருக்கிறது?” என்று பிள்ளைகளிடம் கேட்டேன். இரண்டாம் வகுப்புப் பையன் ஒருவன் சன்னல் வழியாகக் கடலைக் காட்டி, “தலைமன்னாருக்கும் அந்தப் பக்கம், சார்” என்றான். பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவனுடைய அப்பாவிடமும் தாத்தாவிடமும் கேட்டால் ஏறக்குறைய அதே பதில்தான் வரும்; கை மட்டும் கிழக்கே நீளாமல் மேலே நீளும்.

திருமண உறவாலோ நட்பாலோ வெறும் ஆர்வத்தாலோ கிறிஸ்தவ வழிபாட்டுக்குப் புதிதாக வருகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். நீங்கள் நம்ப வேண்டும் என்பதற்காக அல்ல. இயேசு கற்றுத்தந்த செபத்தில் வரும், இந்தக் கரையில் தலைமுறை தலைமுறையாகச் சொல்லப்படும் ‘உமது ஆட்சி வருக’ என்ற வேண்டுதலுக்கு என்ன பொருள் என்பது விளங்கினால் போதும். தேவையானவை: ஒரு தமிழ் விவிலியம், நான்கைந்து மாலை நேரங்கள், கடற்கரையில் ஒரு காலைப் பொழுது.

முதலில் சொற்களைச் சரிசெய்துகொள்ளுங்கள்

கத்தோலிக்கக் கோயிலில் ‘இறையாட்சி’, ‘விண்ணரசு’ என்று கேட்பீர்கள். சி.எஸ்.ஐ. ஆலயத்திலும் பெந்தெகொஸ்தே சபையிலும் ‘தேவனுடைய ராஜ்யம்’, ‘பரலோக ராஜ்யம்’ என்பார்கள். புதியவர்கள் இவற்றை நான்கு தனித்தனிச் சங்கதிகள் என்று நினைத்துக் குழம்புவதைப் பார்த்திருக்கிறேன். நான்கும் ஒன்றையே குறிக்கின்றன. மத்தேயு நற்செய்தி மட்டும் ‘விண்ணரசு’ என்ற சொல்லை 30 முறைக்கு மேல் பயன்படுத்துகிறது. மாற்கும் லூக்காவும் ‘இறையாட்சி’ என்கிறார்கள். யூதர்கள் கடவுளை நேரடியாகச் சுட்டக் கூசி ‘வானம்’ என்று சொல்லும் வழக்கமே இதற்குக் காரணம் என்பது பரவலான விளக்கம். கணவர் பெயரைச் சொல்லாமல் ‘அவர்’ என்றே ஆயுள் முழுக்கச் சமாளித்த நம் பாட்டிகளுக்கு இது எளிதில் புரியும்.

அடுத்ததுதான் முக்கியம். கிரேக்க மூலத்தில் உள்ள சொல் ‘பசிலேயா’. அது எல்லை போட்ட நாட்டையும் குறிக்கலாம், ஆளும் செயலையும் குறிக்கலாம். இயேசுவின் பேச்சில் பெரும்பாலும் இரண்டாவது பொருளே முன்னால் நிற்கிறது. தமிழில் இந்த வேறுபாட்டைக் காட்ட ராமநாதபுரத்தைவிட நல்ல இடம் கிடைக்காது. ‘சேதுநாடு’ என்றால் வரைபடத்தில் கோடு போட்டுக் காட்டிவிடலாம். ‘கிழவன் சேதுபதி ஆட்சியில்’ என்றால்? கோடு போட முடியாது. அவர் சொல் செல்லுபடியான நிலை அது. ஒரு வீட்டுக்குப் போய்க் கொஞ்ச நேரம் உட்கார்ந்தால் அங்கே யார் சொல் செல்லும் என்பது நமக்குத் தெரிந்துவிடுகிறது அல்லவா? கேட்க வேண்டிய கேள்வி அதுதான். கடவுளுடைய அரசு எங்கே, எப்போது என்பதைச் சற்றுத் தள்ளி வைத்துவிட்டு, இங்கே யார் சொல் செல்கிறது என்று கேளுங்கள். பாதிக் குழப்பம் அங்கேயே தீர்ந்துவிடும்.

படிக்கும் வரிசை

திருவெளிப்பாட்டு நூலிலிருந்து தொடங்காதீர்கள். தொடங்கியவர்கள் பலர் மூன்றாம் நாள் நாகங்களையும் எக்காளங்களையும் எண்ணிக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள்.

முதல் மாலை மாற்கு. நற்செய்திகளில் மிகச் சிறியது அது. முதல் அதிகாரத்தின் 15ஆம் வசனத்தில் இயேசு பேசத் தொடங்கும்போதே, காலம் நிறைவேறிவிட்டது, இறையாட்சி நெருங்கி வந்துவிட்டது என்கிறார். பிற்பாடு வரும் எல்லாவற்றுக்கும் அதுவே தலைப்பு. நான்காம் அதிகாரத்தில் ஒரு சின்ன உவமை இருக்கிறது. வேறு எந்த நற்செய்தியிலும் இல்லை. ஒருவர் விதைத்துவிட்டுத் தூங்குகிறார், எழுகிறார். அவருக்குத் தெரியாமலே பயிர் முளைத்து வளர்கிறது. கடற்கரையிலிருந்து சற்று உள்ளே, திருவாடானை, ஆர்.எஸ்.மங்கலம் பக்கம் மழைக்கு முன்பே புழுதியில் நெல்லைத் தூவிவிட்டு வானத்தைப் பார்த்திருக்கும் விவசாயியிடம் இதை வாசித்துக் காட்டுங்கள். உரை தேவைப்படாது.

இரண்டாம் மாலை மத்தேயு 13. அதற்குத் தனியாக வருகிறேன். மூன்றாம் மாலை லூக்கா 17:20, 21; யோவான் 3:1 முதல் 8 வரை; யோவான் 18:33 முதல் 37 வரை. பழைய ஏற்பாட்டில் தானியேல் 2ஆம் அதிகாரத்தை நான்காம் மாலைக்கு வைத்துக்கொள்ளலாம்.

லூக்கா பகுதியை முடிந்தால் இரண்டு மொழிபெயர்ப்புகளில் படியுங்கள். பழைய திருப்புதலில் தேவனுடைய ராஜ்யம் ‘உங்களுக்குள் இருக்கிறதே’ என்று வரும். 1995இல் வந்த பொது மொழிபெயர்ப்பு, இறையாட்சி ‘உங்கள் நடுவேயே’ செயல்படுகிறது என்கிறது. கிரேக்கச் சொல் இரண்டுக்கும் இடம் தருகிறது. எனக்குப் பின்னது சரியாகப் படுகிறது. இயேசு இதைச் சொல்வது தம் சீடர்களிடம் அல்ல, இறையாட்சி எப்போது வரும் என்று கேட்ட பரிசேயர்களிடம். அவர்களைப் பார்த்து, உங்கள் நெஞ்சுக்குள் இருக்கிறது என்று சொல்லியிருப்பாரா? உங்கள் கண்ணெதிரே நடமாடுகிறது, நீங்கள்தான் வேறெங்கோ பார்க்கிறீர்கள் என்று சொன்னதாகக் கொண்டால் பொருந்துகிறது. ‘உங்களுக்குள்’ என்பதைப் பிடித்துக்கொண்டு ஆழமாக வாழ்ந்தவர்களும் திருச்சபையில் உண்டு. அவர்களோடு சண்டை போட மாட்டேன்.

ஒரு காலை கரைவலை பார்க்கப் போங்கள்

தனுஷ்கோடிப் பக்கம் இன்றும் கரைவலை இழுக்கிறார்கள். வலையைக் கடலில் வளைத்துப் போட்டுவிட்டு, இரு முனைக் கயிறுகளையும் கரையில் நின்று இரண்டு வரிசையாக ஆட்கள் இழுப்பார்கள். பக்கத்தில் போய் நில்லுங்கள். இடைஞ்சல் இல்லாமல் நின்றால் யாரும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள். சில நேரம் கயிற்றையே கையில் கொடுத்துவிடுவார்கள்.

மத்தேயு 13:47இல் விண்ணரசு ஒரு வலைக்கு ஒப்பிடப்படுகிறது. அங்கே வரும் கிரேக்கச் சொல் ‘சகேனே’. புதிய ஏற்பாட்டில் அந்த ஓர் இடத்தில்தான் வருகிறது. பேதுரு வீசிய கைவலை அல்ல அது. பெரிய இழுவலை, நம் கரைவலையின் உறவு. படகில் நின்று வீசுகிறவருக்குத் தாம் எந்த இடத்தில் வீசுகிறோம் என்ற கணக்கு உண்டு. கரைவலைக்கு அந்தத் தேர்வு கிடையாது. வளைத்த பரப்பில் இருப்பதெல்லாம் வரும். நெத்திலி, சாளை, காரல் எல்லாம் வரும். உண்ண உதவாத பேத்தை மீன் வரும், சொறி (ஜெல்லிமீன்) வரும், கடல்தாழை வரும், இப்போதெல்லாம் பிளாஸ்டிக் பாட்டிலும் வரும்.

உவமையில் ஒரு சின்ன விவரம் இருக்கிறது. வலை நிறைந்ததும் கரைக்கு இழுத்து, ‘உட்கார்ந்து’ நல்லவற்றைக் கூடையில் சேர்த்தார்கள் என்கிறது. கரையில் நின்று பார்த்தால் அந்த ‘உட்கார்ந்து’ ஏன் சொல்லப்பட்டது என்பது புரியும். இழுக்கும்போது யாரும் மீனைப் பிரிப்பதில்லை, பிரிக்கவும் முடியாது. மூச்சு வாங்க இழுப்பது மட்டும்தான் அப்போதைய வேலை. வலையின் மடி மணலில் வந்து விழுந்த பிறகுதான் குந்தி உட்கார்ந்து பிரிக்கிறார்கள். கேட்டுக்கொண்டிருந்த கலிலேயா மீனவர்களுக்கு இன்னொன்றும் மனதில் ஓடியிருக்கும்: செதிலும் துடுப்பும் இல்லாத மீனை யூதச் சட்டம் உண்ணக் கூடாது என்று தள்ளியிருந்தது. ஆகவே பிரிப்பது அவர்களுக்கு அன்றாட வேலை.

அந்தப் பிரிப்பு உலக முடிவில், வானதூதர்கள் கையில் என்று இயேசு விளக்குகிறார். புதியவர்களுக்கு இதில் ஓர் உடனடிப் பயன் உண்டு. கோயிலுக்கு வரத் தொடங்கிய இரண்டாவது வாரமே திருவிழாக் கணக்குத் தகராறையும் முதல் வரிசை இருக்கைக்கு நடக்கும் மல்லுக்கட்டையும் பார்ப்பீர்கள். “இதுவா கடவுளுடைய அரசு?” என்று தோன்றும். திருச்சபையும் கடவுளின் அரசும் ஒன்றல்ல என்பதை அன்றைக்கே குறித்துக்கொள்ளுங்கள். திருச்சபை அந்த அரசுக்கு அடையாளமாகவும் தொடக்கமாகவும் இருக்க அழைக்கப்பட்டது. வலை இன்னும் தண்ணீரில் இருக்கிறது. பேத்தை மீனைப் பார்த்துவிட்டுக் கயிற்றை விடுகிறவர் நெத்திலியையும் இழக்கிறார். பக்கத்தில் இருப்பவர் பேத்தை என்று நாம் உட்கார்ந்து தீர்ப்பு எழுதவும் நேரம் வரவில்லை. நாமே எதுவாக எழுதப்படுவோம் என்பது தெரியாது.

அதே அதிகாரத்தில், விலையுயர்ந்த ஒரு முத்தைக் கண்டு, இருப்பதையெல்லாம் விற்று அதை வாங்குகிறவரின் உவமையும் வருகிறது. மன்னார் வளைகுடா முத்துக்குளிப்பால் பேர் வாங்கிய கரை என்பதால் நம் ஊர்ப் பிரசங்கங்களில் அதற்கு எப்போதும் இடம் உண்டு. பிரசங்கியார்கள் மூச்சடக்கி மூழ்கும் ஆளைப் பற்றியே உருக்கமாகப் பேசுவார்கள். உவமையில் மூழ்குகிறவர் இல்லை. இருப்பவர் வணிகர், விலை தெரிந்த ஆள். கீழக்கரையில் முத்து வாங்கி விற்ற மரைக்காயர்களைப் போன்ற ஒருவர். அவர் உணர்ச்சிவசப்பட்டு எல்லாவற்றையும் விற்கவில்லை; கணக்குப் பார்த்து விற்கிறார்.

‘ஆவிக்குரியது’ என்றால் என்ன

இங்கேதான் அதிகம் பேர் வழி தவறுகிறார்கள். ‘ஆவி’ என்றதும் தமிழில் இட்லிப் பானை நினைவுக்கு வரும், அல்லது புளியமரத்துப் பேய் நினைவுக்கு வரும். இரண்டும் கைக்கு அகப்படாதவை. அதனால் ஆவிக்குரிய அரசு என்றால் பிடிமானம் இல்லாத, இந்த மண்ணோடு ஒட்டாத ஒன்று என்று முடிவு கட்டிவிடுகிறார்கள்.

விவிலியத்தில் ஆவிக்கு உரிய எபிரேயச் சொல்லும் கிரேக்கச் சொல்லும் காற்றையும் மூச்சையும் சேர்த்தே குறிக்கும். யோவான் 3இல் இரவில் தேடி வரும் நிக்கதேமிடம், தண்ணீராலும் ஆவியாலும் பிறக்காதவர் இறையாட்சிக்கு உட்பட முடியாது என்று சொன்ன இயேசு, அடுத்த மூச்சிலேயே காற்றைக் காட்டுகிறார்: அது விரும்பிய திசையில் வீசுகிறது, ஓசையைக் கேட்கிறோம், எங்கிருந்து வருகிறது என்று தெரியாது. கச்சான் காற்றையோ வாடையையோ இந்தக் கரையில் யாரும் கண்ணால் பார்த்ததில்லை. ஆனால் பாய் விம்முவதைப் பார்த்திருக்கிறோம், படகு கட்டுத்தறியை இழுப்பதைப் பார்த்திருக்கிறோம். ஆவிக்குரியது என்பது அப்படி. கண்ணுக்குத் தெரியாமல் கண்ணுக்குத் தெரிவதை நகர்த்துவது.

ரோமை ஆளுநர் பிலாத்துவுக்கு முன் நின்று தம் ஆட்சி இவ்வுலகின் ஆட்சி போன்றதல்ல என்று இயேசு சொன்னதையும் இப்படித்தான் படிக்க வேண்டும். அப்படிப்பட்டதாக இருந்திருந்தால் என் ஆட்கள் போரிட்டிருப்பார்களே என்று அவரே காரணம் சொல்கிறார். வாளால் நிற்காத, வாளால் விழாத ஆட்சி. உலகத்தோடு தொடர்பில்லாத ஆட்சி என்று அவர் சொல்லவில்லை.

சந்தேகம் இருந்தால் ராமநாதபுரம் மாவட்டத்து ஓரியூருக்குப் போங்கள். 1647இல் லிஸ்பனில் பிறந்த இயேசு சபைக் குரு அருளானந்தர் (ஜான் டி பிரிட்டோ) சிறுவயதில் போர்ச்சுகல் அரண்மனையில் இளவரசரோடு வளர்ந்தவர். கிரீடமும் சிம்மாசனமும் எப்படி இருக்கும் என்று அவருக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. அதையெல்லாம் விட்டு மறவர் சீமைக்கு வந்தார். அங்கே மறவர் தலைவரான தடியத்தேவர் திருமுழுக்குப் பெற்று, ஒரு மனைவியை வைத்துக்கொண்டு மற்ற மனைவியரை விலக்கினார். விலக்கப்பட்டவர்களில் ஒருவர் சேதுபதியின் உறவுக்காரப் பெண். 1693 பிப்ரவரி 4ஆம் நாள் ஓரியூரில் அருளானந்தர் தலை வெட்டப்பட்டு இறந்தார். அந்த ஆட்சி உள்ளத்துக்குள் மட்டும் கமுக்கமாக நடப்பதாக இருந்தால் சேதுபதியின் அரண்மனை கோபப்பட்டிருக்க வேண்டியதில்லை. (விலக்கி வைக்கப்பட்ட அந்தப் பெண்களின் வழக்கு எனக்குள் உறுத்திக்கொண்டே இருக்கிறது. புனிதரின் கதையைச் சொல்லும்போது அவர்களையும் நினைப்பதுதான் நியாயம்.) ஓரியூரின் செம்மண்ணை அள்ளிக்கொண்டு போகிறவர்களை இன்றும் பார்க்கலாம்.

மறுபக்கத்தையும் மறைக்கக் கூடாது. 1535 முதல் 1537 வரை முத்துக்குளித்துறைப் பரதவர்கள் கூட்டமாகத் திருமுழுக்குப் பெற்றபோது, போர்ச்சுகீசியரின் படைப் பாதுகாப்பும் முத்துக் கணக்கும் அதோடு சேர்ந்தே வந்தன. பிரான்சிஸ் சவேரியார் 1542இல் இந்தியாவுக்கு வந்து, அந்த ஆண்டே இந்தக் கரைக்கு வந்தபோது அவர்களுக்குச் செபங்களையே முதலிலிருந்து சொல்லித் தர வேண்டியிருந்தது. கொடியையும் சிலுவையையும் ஒரே கம்பத்தில் கட்டிய தவறு அது. நம் காலத்திலும் அந்தத் தவறுக்கு ஆசைப்படுகிறவர்கள் இருக்கிறார்கள், எல்லா மதங்களிலும்.

பவுல் ரோமையருக்கு எழுதிய கடிதத்தில் (14:17) ஒரு நடைமுறை அளவுகோல் தருகிறார். எதைச் சாப்பிடலாம், எதைச் சாப்பிடக் கூடாது என்ற சண்டைக்கு நடுவில் எழுதியது: இறையாட்சி உண்பதிலும் குடிப்பதிலும் இல்லை, நீதியிலும் அமைதியிலும் தூய ஆவி தரும் மகிழ்ச்சியிலும் இருக்கிறது. நீதி முதலில் வருகிறது. மீன் எடை போடும் தராசிலிருந்து அதைத் தொடங்கலாம்.

‘என்றென்றும்’ என்பதைத் தனுஷ்கோடியில் படியுங்கள்

பஸ் பிடித்துத் தனுஷ்கோடிக்குப் போய், இடிந்த கோயிலுக்குப் பக்கத்தில் நிழல் பார்த்து உட்கார்ந்து தானியேல் 2ஐ வாசிக்கச் சொல்வேன். 1964 டிசம்பர் 22 இரவு வரை அங்கே ரயில் நிலையம் இருந்தது, துறைமுகம் இருந்தது, தபால் நிலையம் இருந்தது, இலங்கைக்குப் போகிறவர்களின் கூட்டம் இருந்தது. புயல் அடித்து விடிந்தபோது பாம்பனிலிருந்து கிளம்பிய பயணிகள் ரயிலே இல்லை. கூரை போய்ச் சுவர் மட்டும் நிற்கும் அந்தக் கோயிலில் இப்போது சுற்றுலாக்காரர்கள் படம் எடுத்துக்கொள்கிறார்கள்.

தானியேல் நூலில் பாபிலோன் அரசன் நெபுகத்நேசர் ஒரு சிலையைக் கனவு காண்கிறான். பொன் தலை, வெள்ளி மார்பு, வெண்கல வயிறு, இரும்புக் கால், இரும்பும் களிமண்ணும் கலந்த பாதம். மனிதக் கை படாமல் பெயர்ந்த ஒரு கல் பாதத்தில் மோத, சிலை பதராகப் பறந்துபோகிறது. கல் மலையாக வளர்ந்து உலகை நிரப்புகிறது. பாண்டியர், சோழர், நாயக்கர், சேதுபதி, போர்ச்சுகீசியர், டச்சுக்காரர், ஆங்கிலேயர் என்று ஒருவர் பின் ஒருவராகப் பார்த்த கரையில் உட்கார்ந்து இதைப் படிக்கும்போது விளக்கவுரைப் புத்தகம் கனமாகத் தெரியும்.

ஒரு எச்சரிக்கை. ‘நித்தியம்’ என்பதை மிக மிக நீண்ட காலம் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். அப்படியானால் அது மிகவும் நீடித்த ஒரு சேதுபதி ஆட்சிதான். அழியக்கூடிய எதன்மேலும் கட்டப்படாதது என்பதே கருத்து. படை, வரி, வாரிசு இவற்றில் ஒன்று சரிந்தால் மனித ஆட்சி சரியும். கடவுளின் ஆட்சி கடவுளையே நம்பி நிற்பதால், எபிரேயருக்கு எழுதிய கடிதம் அதை அசைக்க முடியாத அரசு என்கிறது (12:28).

கொஞ்சம் யோசிக்கிறவர்கள் ஒரு கேள்வி கேட்பார்கள். கிறிஸ்துவின் ஆட்சிக்கு முடிவிராது என்று லூக்கா 1:33இல் வானதூதர் மரியாவிடம் சொல்கிறார். பவுலோ 1 கொரிந்தியர் 15:24இல் கிறிஸ்து முடிவில் ஆட்சியைத் தந்தையிடம் ஒப்படைப்பார் என்கிறார். முரண்பாடா? நான்காம் நூற்றாண்டிலேயே இதன்மேல் பெரிய சர்ச்சை நடந்தது. அன்சீராவின் மார்செல்லுஸ் என்ற ஆயரின் போதனை, மகனின் ஆட்சி ஒருநாள் முடியும் என்பதாகப் புரிந்துகொள்ளப்பட்டது. அதற்குப் பதிலாகத்தான், அவரது ஆட்சிக்கு முடிவிராது என்ற வரி 381ஆம் ஆண்டு கான்ஸ்டான்டிநோப்பிள் சங்கத்தோடு சேர்ந்த விசுவாச அறிக்கையில் நிலைத்தது. கோயிலில் அந்த அறிக்கை சொல்லப்படும்போது உங்கள் காதில் விழும். ஒப்படைப்பது என்றால் இழப்பது அல்ல. தந்தையும் மகனும் இரண்டு அரசர்களாக இருந்தால்தான் ஒருவர் கொடுத்து மற்றவர் வாங்க வேண்டும்.

தேதி சொல்கிறவர்கள்

இதைச் சுருக்கமாக முடிக்கிறேன். திருவெளிப்பாடு 20இல் வரும் ஆயிரம் ஆண்டு அரசாட்சியை இனி வரப்போகும் காலம் என்று சில சபைகள் கொள்கின்றன. அகுஸ்தினார் வழியில் அதை உருவகமாக, இப்போதைய திருச்சபைக் காலமாகக் கொள்வோரும் உண்டு. கத்தோலிக்கர் இரண்டாவது பக்கம் சாய்கிறார்கள். எந்தப் பக்கம் இருந்தாலும், உயிர்த்த இயேசுவிடம் இஸ்ரயேலுக்கு ஆட்சியை மீட்டுத் தரும் காலம் இதுதானா என்று சீடர்கள் கேட்டதற்கு, காலங்களை அறிவது உங்களுக்கு உரியதல்ல என்றே பதில் வந்தது (திருத்தூதர் பணிகள் 1:7). யாராவது தேதி குறித்த துண்டறிக்கையை நீட்டினால் வாங்கிக்கொள்ளுங்கள், பின்பக்கம் மீன் கணக்கு எழுத உதவும்.

இனிச் செய்ய வேண்டியது

நவம்பர் கடைசியில் வரும் கிறிஸ்து அரசர் பெருவிழாத் திருப்பலிக்கு ஒரு தடவை போய்ப் பாருங்கள். முதல் உலகப்போரில் பெரிய பெரிய முடியரசுகள் சரிந்த பிறகு, 1925இல் திருத்தந்தை பதினொன்றாம் பயஸ் ஏற்படுத்திய விழா. நம் பக்கம் பெரும்பாலும் மழைக்காலம். பவனி பாதி நனைந்துதான் திரும்பும். வாசிக்கப்படும் நற்செய்தியைக் கவனியுங்கள். மூன்று ஆண்டுச் சுழற்சியில் ஓர் ஆண்டு பிலாத்து முன் கைதியாக நிற்கும் இயேசு, ஓர் ஆண்டு சிலுவையில் கள்ளனோடு பேசும் இயேசு, ஓர் ஆண்டு பசித்தவனிலும் சிறைப்பட்டவனிலும் தம்மைக் காட்டும் இயேசு. அரசருக்கு விழா எடுத்துவிட்டு இவற்றை வாசிக்கிறார்கள்.

வாய்ப்பும் அனுமதியும் கிடைத்தால் கச்சத்தீவு அந்தோணியார் திருவிழாவுக்கும் போகலாம். 1974இல் கோடு போட்டுப் பிரித்த கடலில் இரு கரை மக்களும் ஒரே திருப்பலியில் ‘உமது ஆட்சி வருக’ என்று ஒரே தமிழில் சொல்வார்கள். மறுநாள் படகுகள் அவரவர் எல்லைக்குத் திரும்பிவிடும், பிடிபடும் செய்திகளும் தொடரும். ஆட்சி வந்துவிட்டது, இன்னும் வரவில்லை என்று இறையியலில் சொல்லும் புதிருக்கு இதைவிடத் தெளிவான விளக்கத்தை நான் பார்த்ததில்லை.

அன்றாடப் பழக்கமாக ஒன்று மட்டும். இயேசு கற்றுத்தந்த செபத்தில் அந்த ஒரு வரியில் நில்லுங்கள். அதற்கு அடுத்த வரியில் ‘மண்ணுலகிலும்’ என்று வருகிறது. அன்றைக்கு உங்கள் மண்ணில் எங்கே அவர் சொல் செல்லவில்லை என்று ஓர் இடத்தை நினையுங்கள்: கடன் கொடுத்தவரோடு பேசிய பேச்சு, வீட்டில் எழுப்பிய குரல். பிறகு மீதிச் செபத்தைச் சொல்லி முடியுங்கள்.

திருவெளிப்பாடு 21ஆம் அதிகாரத்தைக் கடைசியாக வைத்தேன், அதில் ஒரு சிக்கல் இருப்பதால். புதிய வானமும் புதிய மண்ணும் வந்தபோது கடலும் இல்லாமற்போயிற்று என்கிறது முதல் வசனம். ஒரு தவக்கால மாலையில் இதை வாசித்ததும், கரைவலை இழுத்துத் தோல் தடித்த பெரியவர் ஒருவர் எழுந்தார். “தம்பி, கடல் இல்லாத இடத்தில் எனக்கு என்ன வேலை?” என்றார். அந்த நூலில் கடல் என்பது விலங்கு எழும்பி வரும் இடம், கொந்தளிப்பும் சாவும் குடியிருக்கும் ஆழம் என்று எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். அவர் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். அவருடைய அண்ணன் 64ஆம் ஆண்டுப் புயலில் திரும்பி வராதவர் என்பது அன்றைக்கு எனக்குத் தெரியாது.

“அந்தக் கடலா, அது போகட்டும்” என்றார். “நெத்திலி வருகிற கடலைப் பற்றி எழுதியிருந்தால் அதையும் ஒருநாள் வாசித்துக் காட்டு.”